பெரிய பிஸ்ரனும் சுட்ட விரலும்

மன்னார்,
யூலை 8.

அன்புள்ள மகள் டிலக்சனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மடு மாதாவின் காவலில் நீ நோர்வேயில் சுகமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாள் செபமாலையிலும் கேட்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். சுகம் என்றால் உடம்புக்குத்தான், முந்தநாளிலிருந்து அப்பா என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் வெறுங்கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறார், நானும் ஊற்றிக் கொடுக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் எங்கே பிள்ளை கதைக்கிறேன், போனைப் பிடித்துக்கொண்டல்லவா நிற்கிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்த நாளிலிருந்து சொல்கிறேன். அப்பாவின் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய சிலிண்டரும் பெரிய பிஸ்ரனும் அனுப்புவதாக நீங்கள் இருவரும் பேசி முடித்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு சொல் இல்லை. பெட்டியில் எனக்கும் ஏதாவது இருக்கும் என்று நினைத்து மேலே இருந்த துணியை ஆசையோடு விரித்துப் பார்த்தேன். அது சிலிண்டர் அடிபடாமல் இருக்க நீ சுற்றிவிட்ட உன் பழைய சுவெற்றர். எண்ணெய் துடைக்கத் தா என்று அப்பா கேட்டார், கொடுக்கவில்லை. அலுமாரியில் வைத்திருக்கிறேன், இந்த ஊர் வெயிலுக்கு யார் சுவெற்றர் போடுவது, ஆனாலும் வைத்திருக்கிறேன். அந்த ஹொண்டா நான் வாழ்க்கைப்பட்டு வரும்போதே இந்த வீட்டில் நின்றது, எனக்கு மூத்தவள். உண்மையான சக்களத்தி ஒருத்தி என்றால் தலைமயிரைப் பிடித்திழுத்துச் சண்டையாவது பிடித்திருப்பேன், இதற்கு அதுவும் இல்லை. புருசனைத்தான் பிடித்து வைத்திருந்தது என்று பார்த்தால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டது. ஏழு வயதில் உன்னிடம் நூலும் ஊசியும் தந்தால் ஓடிவிடுவாய், அப்பா ஸ்பனர் கேட்டால் எத்தனையாம் நம்பர் என்று கேட்டு எடுத்துக் கொடுப்பாய். அப்போதே நான் தோற்றுவிட்டேன்.

முன்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் பத்து நிமிடம் கதைப்பாய். சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா, சரியம்மா வைக்கிறன், அவ்வளவுதான். பெட்டி வந்தபிறகு மூன்று ஞாயிறும் இரண்டிரண்டு மணித்தியாலம். முதல் ஞாயிறு நான் பூசைக்குக் கட்டின சேலையை மாற்றாமல், தலையையும் இன்னொருமுறை வாரிக்கொண்டு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தேன். அப்பா போனை எஞ்சினுக்கு நேரே திருப்பி, "ஆடாமல் பிடியப்பா" என்று என் கையில் தந்துவிட்டார். நீ எஞ்சினைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். நீ போய் ஒன்பது வருசத்தில் உன் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை பிள்ளை. கன்னம் வற்றியிருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு. பழைய பிஸ்ரனைக் கழற்றிப் புதியதைப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது என்ன சிரிப்புச் சிரித்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு இரும்புத் துண்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே ஒரு கிழவி என்று நீ சிரிக்கலாம், சிரி.

இரண்டாம் ஞாயிற்றுக்கு முதல் நாள் விளைமீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துச் சுட்டுவிரல் கொப்பளித்துவிட்டது, துணி சுற்றியிருந்தேன். அது கமறாவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். நீ சொன்னாய், "அம்மா, விரல் மறைக்குது, கொஞ்சம் எடுங்கோ" என்று. எடுத்தேன். பிஸ்ரனைச் சுற்றிப் போட்ட றிங்குகளின் வாய்கள் ஒரே நேரில் நிற்கிறது பிழையென்று அங்கிருந்து கண்டுபிடித்த பிள்ளைக்கு அம்மாவின் விரலில் கட்டியிருந்த துணி தெரியவில்லை. சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

இனித்தான் நான் சொல்லவேண்டியது வருகிறது, இருந்து வாசி. மூன்றாம் ஞாயிறு புதுப் பிஸ்ரனைப் பொருத்தி, அதன் குறுக்கே போகிற இரும்புப் பின் வெளியே வராமல் இரண்டு பக்கமும் போடுகிற சின்னக் கம்பி வளையம், நீங்கள் லொக் என்பீர்களே, அதில் ஒன்றைப் போட்டாயிற்று. மற்றதை அப்பா குறட்டால் அழுத்தும்போது வழுக்கி டிங் என்று பறந்தது. நீயும் அங்கேயிருந்து ஐயோ என்றாய். எங்கே விழுந்தது என்று அப்பாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அது என் மடியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் கை போனது. அப்போது யோசித்தேன், இதைக் கொடுத்தால் அடுத்தது சிலிண்டர், அதற்கடுத்தது மூடி, பிறகு உதைத்துக் கிளப்புவார்கள், அடுத்த ஞாயிறு நான் திரும்பவும் பத்து நிமிடக்காரி. சேலை மடிப்பின்மேல் கையை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அப்பா இரண்டு நாள் முற்றத்து மணலை என் மா அரிதட்டில் போட்டு அரித்தார். றோட்டிலிருந்து வந்த கழுதையொன்று அந்த இடத்தில் மூக்கை வைத்ததாம், அதுதான் விழுங்கியிருக்கும் என்று அதன் பின்னால் பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் போனார். பக்கத்து வீட்டு நிறஞ்சலா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள், அவளுக்கென்ன, அவளுடைய மகன் வருசா வருசம் வந்துவிடுகிறான். செவ்வாய்க்கிழமை அப்பா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, தொலைந்த சாமானைக் காட்டித் தரும்படி கேட்டார். என்னையும் கூப்பிட்டு, "உனக்கு அவரின்ர பேர், நீ கேட்டால் தருவார்" என்றார். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்றேன், சாமான் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்தோனியாரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழும்பும்போது அப்பா சொன்னார், சோழகக் காற்றில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மன்னார்ப் பாலத்தைக் கடக்க அந்தச் சின்ன எஞ்சின் இழுக்கவில்லையாம், இந்த வருசம் மடுத் திருவிழாவுக்கு என்னை அதில் கூட்டிக்கொண்டு போகத்தான் பெரிசாக்குகிறாராம், உன்னிடம் கேட்டதும் அதற்காகத்தானாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் உடம்பு நிறையைச் சொல்லிக்காட்டினதில் கோபமும்தான்.

அப்போதாவது கொடுத்திருக்கலாம், எப்படிக் கொடுப்பது என்று வெட்கத்தில் இருந்துவிட்டேன். முந்தநாள் அப்பா யாகப்பருடைய சைக்கிள் கடைக்குப் போய் ஒரு ஸ்போக் கம்பியை வெட்டி வளைத்து, லொக் மாதிரியே ஒன்று செய்துகொண்டு வந்து நிற்கிறார். வேறெதையும் போடக்கூடாது, கழன்றால் சிலிண்டரைக் கீறிப்போடும், ஓடும்போது சில்லு இறுகினால் ஆளைத் தூக்கி எறிந்துபோடும் என்று நீ அன்றைக்குச் சொன்னதை, போன் பிடித்தவள் கேட்டுக்கொண்டுதானே நின்றேன். சொன்னேன், கேட்கவில்லை, "உனக்கென்ன தெரியும் எஞ்சினைப் பற்றி" என்றார். அவருடைய கையிலிருந்து பறித்துக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டேன். அதிலிருந்துதான் கதையில்லை. எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரியுமென்று அவருக்கு விளங்கினால் சரி.

நீ வேறு லொக் ஓடர் பண்ணப்போவதாகச் சொன்னாய். பண்ணாதே. இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னக் கடதாசி மடித்து ஒட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது கையால் பொத்திக்கொள், பறக்கிற சாமான். அதை நீயே கொண்டுவந்து, நீயே போட்டு எஞ்சினைப் பூட்டிக் கொடு. திருவிழாவுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. நீ பூட்டினதென்றால் பயமில்லாமல் ஏறுவேன், இல்லையென்றால் பஸ்ஸில்தான் போவேன் என்று அந்த மனுசனிடம் சொல்லிவிடு. லீவு கிடைக்கவே கிடைக்காது என்றால் தபாலில் திருப்பி அனுப்பு, அந்தோனியார் காட்டித் தந்தார் என்று சொல்லிக் கொடுக்கிறேன், அவர் நம்புவார். ஆனால் லீவு கேட்காமலே கிடைக்காது என்று எழுதாதே. நான் செய்ததை அப்பாவிடம் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

குளிரில் தலை நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதாவும் அந்தோனியாரும் உனக்குத் துணையிருக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உன்மேல் இருக்கிறது. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்வார், இப்போது கேட்க முடியாததால் நானே எழுதிவிடுகிறேன். ஒன்றை மறந்துவிடாதே, வந்தால் முதலில் வீட்டுக்குள் வா, ஹொண்டா பின்னாலேதான் நிற்கிறது, அது எங்கேயும் ஓடாது, ஓடமுடியாமல் நான்தானே வைத்திருக்கிறேன். விரல் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, அதைப் போனில் காட்டமாட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
சி. அன்ரோனெற்