கொள்ளிடத்தில் நட்ட குச்சி

ஜூலை 17, ஞாயிறு

பாதயாத்திரைக் குழுவின் பெயர்ப் பட்டியலை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்தேன். இருபத்திரண்டு பேர். என் பெயர் பதினேழாவது.

போன வருடம் நான் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தபோது, "பிழைச்சு வந்தா அவரே நடந்து வருவாரு" என்று என் மனைவி செவ்வந்தி மேல்மலையனூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் நான் இல்லை. அவளுக்கு முட்டி வலி, வீட்டில்தான் இருப்பாள்.

பதினொரு நாள் நடை. 28ஆம் தேதி, ஆடி அமாவாசைக்கு, அங்கே இருக்க வேண்டும். நடப்பதற்குப் பயமில்லை. கொள்ளிடத்தை ஓடத்தில் கடக்க வேண்டுமாம்.

ஜூலை 18, திங்கள்

காலையில் திருவிடைமருதூரில் காப்பு கட்டினார்கள். மஞ்சள் கயிறு, வலது மணிக்கட்டில். இனி மலையனூர் சேரும்வரை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

மாலையில் கொள்ளிடக் கரைக்கு வந்தோம். ஆறு கரை தொட்டு ஓடுகிறது. மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீரெல்லாம் இந்தப் பக்கம்தான் வருகிறது. அக்கரை அரியலூர் மாவட்டம். ஒரு கோடு போலத் தெரிகிறது. ஓடம் எடுக்கவில்லை. கரையோரக் கல்யாண மண்டபத்தில் தங்கியிருக்கிறோம்.

பாலம் வழியாகப் போகலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். குழுத் தலைவர் துரைராசு முறைத்தார். "கரகத்தோட பாலத்துல ஏறுறதா? ஆறும் ஆத்தாதான், அவ தலைக்கு மேல நடந்து போவீங்களா சார்?" நடு ஆற்றில் ஆத்தாவிடம் உத்தரவு கேட்டுத்தான் இந்தக் குழு கடக்கும். அதுதான் வழக்கம்.

உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இன்று ஓடம் இல்லை.

ஜூலை 19, செவ்வாய்

நான் பொதுப்பணித்துறையில் இருந்தவன் என்று துரைராசு எல்லோரிடமும் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் மதகுகளில் நீர்மட்டம் குறித்தவன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் ஒரு நாளும் நின்றதில்லை. அதை அவர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

"சார் அளந்து சொல்லட்டும், எடுக்கிறேன்" என்றார் ஓடக்காரர் செல்லக்கண்ணு.

கரையோரத் தண்ணீரில் மூங்கில் குச்சி நட்டேன். நீர்மட்டத்தில் சிவப்பு நூல் கட்டினேன். நூலுக்குக் கீழே இரண்டு சாண் தண்ணீர் இறங்கினால் போகலாம் என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. என் வார்த்தையை ஒருவரும் மறுக்காதது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

மண்டபத்து வாசலில் எங்கள் ஊர் டவுன் பஸ் நிற்கிறது. ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வீடு. ஒரு நாளைக்கு ஆறு தடவை வருகிறது. ஆறு தடவையும் பார்த்தேன்.

ஜூலை 20, புதன்

எழுதத்தான் வேண்டும். இங்கேயாவது.

விடியற்காலை ஆற்றுக்குப் போனேன். நூலுக்குக் கீழே இரண்டு சாணுக்கு மேலேயே இறங்கியிருந்தது. மறுபடி அளந்தேன். அதேதான். சுற்றிப் பார்த்தேன், யாருமில்லை. குச்சியின் தலையைப் பிடித்து அழுத்தினேன். ஈர மணல்தானே, சிரமமே இல்லாமல் உள்ளே போனது. நூல் தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தினேன்.

ஏழு மணிக்கு எல்லோரும் வந்து பார்த்தார்கள். "அப்படியேதான் நிக்குது" என்றார் துரைராசு. நான் தலையை ஆட்டினேன்.

கரகம் சுமக்கும் பிரகதீஸ்வரி அம்மா அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குக் குழந்தை பிறந்ததற்கான வேண்டுதல். கொரோனாவில் இரண்டு வருடம் தவறிவிட்டது. "மூணாவது வருஷமும் பாக்கி வெக்கச் சொல்றாளா ஆத்தா? என்ன குத்தம் செஞ்சேன் சார்?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

என்ன செய்துவிட்டேன்? ஏன் இப்படிச் செய்தேன்? திருப்பி மேலே இழுத்துவிடலாம் என்று மத்தியானம் போனால் குச்சியைச் சுற்றிக் கூட்டம். சாயங்காலமும் கூட்டம். வீட்டுக்கும் போக முடியாது, ஆற்றையும் கடக்க முடியாது, வாயையும் திறக்க முடியாது.

டீக்கடையில் செல்லக்கண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆறு இறங்கிக்கிட்டுதான் சார் இருக்கு. கூடவே குச்சியும் இறங்குது." டீயை ஒரு வாய் குடித்தார். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

செவ்வந்தி போன் செய்தாள். "என்னங்க, சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

ஜூலை 21, வியாழன்

சொல்லிவிட்டேன். ஏழு மணிக்கு, குச்சிக்குப் பக்கத்தில் நின்று. ஆறு நேற்றே இறங்கிவிட்டது, நான்தான் குச்சியை அழுத்தினேன், எனக்குத் தண்ணீர் என்றால் பயம். மூன்று வாக்கியம். ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

துரைராசு கத்தினார். "பயம்னா பயம்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேய்யா! ஒரு நாளு போச்சே!" நியாயம். பிரகதீஸ்வரி அம்மா கரகத்தை எடுத்துக்கொண்டு ஓடத்தில் ஏறிவிட்டார்.

நானும் ஏறினேன். ஏறாமல் எங்கே போவது?

நடு ஆற்றில் ஒவ்வொருவரும் யாருக்காக நடக்கிறோம் என்று சொல்லி உத்தரவு கேட்டார்கள். கண்ணை இறுக மூடியிருந்தேன். என் முறை வந்தபோது, "செவ்வந்திக்காக" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

ஜூலை 24, ஞாயிறு

விட்ட நாட்களைப் பிடிக்கத் தினமும் இரண்டு மூன்று மைல் கூடுதலாக நடக்கிறோம். ஒரு நாள் வெள்ளத்தினுடையது. இன்னொரு நாள் என்னுடையது. பிரகதீஸ்வரி அம்மாவின் குதிகால் வெடித்து ரத்தம். அவர் பையை நான் சுமக்கிறேன் என்று கேட்டேன், தரவில்லை.

ஜூலை 26, செவ்வாய்

இப்போது என் பெயர் "குச்சி சார்". பின்னால் வருகிறவர்கள் கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று அந்த அம்மா பையைக் கொடுத்தார். "கீழ வெச்சுடாதீங்க, உள்ள அரிசி இருக்கு" என்றார். ஆறு நாளில் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

ஜூலை 28, வியாழன்

மாலை நாலு மணிக்கு மலையனூர். அமாவாசை. இருபத்திரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். நானும் அந்த அம்மாவும் கடைசி.

ஜூலை 30, சனி

எல்லோரும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். காப்பு அவிழ்த்தாயிற்று, கரகம் இல்லை, பாலத்தில் போகலாம். பாலத்துக்கு முன்பே இறங்கிக்கொண்டேன். "சார், எங்க?" என்றார் துரைராசு. பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அரியலூர்க் கரை. செல்லக்கண்ணு தனியாக உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு அளக்க வேணாமா சார்?"

வேண்டாம் என்றேன்.

ஓடத்தின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நடு ஆற்றில் தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல், அகலமாகப் போகிறது. முப்பத்திரண்டு வருடம் இதன் அளவை எழுதியிருக்கிறேன். இன்றுதான் பார்த்தேன்.