டீ கூடக் கொடுத்தார்களாம்

செவ்வாய்க்கிழமை காலை

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள், அதை நம்பி நாம் பட்ட பாடு போதும். நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நாளை காலை வக்கீலம்மா உங்களைப் பார்க்க வரும்போது இந்தக் கடிதத்தைக் கையில் தருவார். அவர் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன். பாதியில் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள், உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை உங்கள் தடுப்பு முகாமுக்கு ஒரு டாக்டர் வருகிறார். உங்கள் உடம்பில் இருக்கும் தழும்புகளைப் பார்த்து, அவை எப்படி வந்திருக்கும் என்று எழுதிக்கொடுப்பதற்காக வக்கீலம்மா கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்த டாக்டர். அவர் எழுதிக்கொடுத்தால், அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களை நம் நாட்டுக்கே திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமாம். எழுதிக்கொடுக்காவிட்டால் கேட்பதற்கே ஒன்றும் இல்லையாம். நீங்களோ டாக்டர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். ஏன் இப்படிச் செய்தார் என்று வக்கீலம்மா என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். பொய். எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே விடுதியில் அறையை மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருக்கு அந்த அறை பெரிதாம். இப்போது இரண்டாம் மாடியில், ஜன்னல் திறக்காத அறை. மேஜை கிடையாது. துணி துவைக்கும் அறையில் மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அது ஆடும்போது என் கையெழுத்தும் ஆடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நீங்கள் வெளியூரில் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போயிருப்பதாக அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். நேற்று அவள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாப்பா அவரிடம் சொன்னாளாம்: "எங்கப்பாவப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தெரியும்னு எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவாங்க." ஏழு வயசு. மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் நடித்துக்கொண்டிருக்கிறோம். நாடகக் கம்பெனியே வைத்திருக்கலாம். சிரிப்பு வந்தது, அப்புறம் பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன்.

இங்கே அடைக்கலம் கேட்ட நம் மனுவுக்கு வந்த மறுப்புக் கடிதத்தை உங்களுக்கு யார் படித்துச் சொன்னார்களோ தெரியாது. நீங்கள் குடியேற்ற அலுவலகத்தில் வாரக் கையெழுத்துப் போடப் போய், வரிசையில் நின்றபடியே பிடிபட்ட அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் வக்கீலம்மா எனக்குச் சொன்னார். அதில் பதினான்காம் பத்தி என்று ஒன்று இருக்கிறது. சொந்த நாட்டில் காவலில் வைத்திருந்த பதினோரு நாளும் தன்னை அடித்ததாக மனுதாரர் சொல்கிறார், எப்படி அடித்தார்கள் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவருடைய மனைவியோ, கணவரைச் சும்மா உட்கார வைத்திருந்ததாகவும், டீ கூடக் கொடுத்ததாகவும், உடம்பில் எந்தக் காயத்தையும் தான் பார்க்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே மனுதாரர் சொல்வதை நம்ப முடியாது. இதுதான் அந்தப் பத்தி.

உங்களைத் திருப்பி அனுப்பப்போவது அந்த டீதான். அதைக் கொடுத்தவள் நான்.

நம் மனுவுக்காக என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்த அன்றைக்கு அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அதிகாரி அம்மா கோபக்காரி இல்லை. எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மொழிபெயர்க்கிறவர் போனில் இருந்தார், குரல் மட்டும்தான். விடுதலையாகி வந்த உங்கள் கணவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு நம் பேக்கரியிலிருந்து ரொட்டி அனுப்பியதற்காகக் கூட்டிப்போனார்கள், யார் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார்கள், உட்கார வைத்தார்கள், டீ கூடக் கொடுத்தார்களாம், என்றேன். அதுவரை நான் சொன்னதில் பொய் இல்லை. அப்புறம், அவர் உடம்பில் காயம் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன்.

நான் பார்த்தேன். உங்களை விட்டுவிட்ட மூன்றாம் நாள் மத்தியானம், உங்களுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பிக் கிடந்தீர்களே, அன்றைக்கு. ஈரத்துணியால் துடைக்கலாம் என்று சட்டையைக் கழற்றினேன். முதுகில் பத்தொன்பது. விலாவில் நான்கு. ஒன்று இன்னும் சீழ் வைத்திருந்தது, அதைத் துடைத்து மருந்து போட்டேன். பிறகு சட்டையை மறுபடி மாட்டிவிட்டேன். நீங்கள் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தீர்கள், நானும் அதே மாதிரி தள்ளியே போட்டேன். சாயங்காலம் கண் விழித்து, "சட்டையக் கழட்டினியா?" என்று கேட்டீர்கள். "நான் எதுக்குக் கழட்டப்போறேன்?" என்றேன். நீங்கள் மூச்சு விட்டீர்கள். அந்த மூச்சுக்காகத்தான் நான்கு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கழுத்துக்குக் கீழே ஒன்று வெளியே தெரிந்தபோது, அடுப்புத் தட்டு பட்டுவிட்டது என்றீர்கள். அடுப்புக்கு முதுகைக் காட்டி ரொட்டி சுடுகிற ஆளை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஆனாலும், பார்த்து வேலை செய்யக்கூடாதா என்று திட்டினேன், நீங்களும் திட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

அதனால் விசாரணை அறையில் அந்த 'இல்லை' தானாகவே வந்துவிட்டது. நம் வீட்டில் அத்தனை நாள் புழங்கிய சொல். முகம் தெரியாத ஒரு ஆண்குரல் உங்கள் முதுகை இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆமாம் என்றால், எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பயமெல்லாம் அதுதான். விமானத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

சனிக்கிழமை போனில் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சாப்பாடு வேளாவேளைக்கு வந்துடுது" என்றீர்கள். அதே குரல், டீ கொடுத்தாங்க என்று சொன்ன அதே குரல். உங்கள் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி இங்கே கீழ்மாடியில் இருக்கிறார். ஒரே அறையில் பன்னிரண்டு பேர், போன வாரம் ஒருவர் ஜன்னல் கம்பியில் போர்வையைக் கட்டினார், அவரை இறக்கியது நீங்கள் என்று அந்த அம்மாதான் சொன்னார். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாமல் உங்கள் மேல் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் எழுதுவதை வக்கீலம்மா எனக்கும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும், வழக்கு நம் மூவருக்கும் சேர்த்துத்தான். அதனால்தானே வேண்டாம் என்றீர்கள்? எனக்குத் தெரியக்கூடாது என்றுதானே? பாருங்கள், எனக்குத் தெரிந்தது நான்கு வருஷத்துக்கு முன்பே. நீங்கள் காப்பாற்றிக்கொண்டிருப்பது யாரை?

நேற்று நான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று பொய் சொன்னேன், காயங்களைப் பார்த்தேன், எண்ணினேன் என்று. வக்கீலம்மா இரண்டு தடவை எச்சரித்தார். கணவனைக் காப்பாற்ற இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்பார்களாம், என் பெயரும் பாப்பா பெயரும் திருப்பி அனுப்புகிறவர்கள் பட்டியலில் ஏறிவிடலாமாம். ஏறட்டும் என்று தைரியமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். என் சொல் மட்டும் தனியாக நிற்காது. பக்கத்தில் உங்கள் முதுகும் நிற்க வேண்டும்.

டாக்டர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். எதால் அடித்தார்கள், எத்தனை பேர், நீங்கள் என்ன சொல்லிக் கத்தினீர்கள், எல்லாவற்றையும். யார் பெயரையாவது சொல்லிவிட்டீர்கள் என்றால் அதையும். அதற்காக நான் உங்களைக் குறைவாக நினைப்பேன் என்று எண்ணியிருந்தால், பதினோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தி நீங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

வக்கீலம்மா அதை எனக்குப் படித்துச் சொல்வார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்பேன். காதைப் பொத்தமாட்டேன். நடுவில் எழுந்து போகமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி