காசிமுக்காகச் செய்த சத்தியம்

நோன்பு, பிறை 11. செவ்வாய்.

காலையில் கடும் பனி. பத்து மணிக்குப் பிறகுதான் எதிர்மலை தெரிந்தது. ரப்பர் இலை உதிரத் தொடங்கிவிட்டது, முற்றம் இரண்டு தரம் கூட்டியும் பழையபடி.

வாங்கினது: கஞ்சிக்குப் பச்சரிசி, தேங்காய், இஞ்சி. பேரீச்சம்பழம் கொஞ்சம்தான், விலை அப்படி. மண்ணெண்ணெய் நாளைக்கு.

நோன்பு மாதம் பகலில் எங்கள் கடையில் டீ அடுப்பு மூட்டுவதில்லை. அதற்காக முன்னால் பெஞ்சில் ஆள் குறைந்தபாடில்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் அரை நாள் வேலை, மீதி அரை நாளும் கால்பந்துக் கதை. நான் பலகைத் தட்டிக்குப் பின்னால் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டு. காதை மூட முடியுமா.

முத்தையாக் கங்காணி (தோட்டத்தில் ஆள் மேய்க்கிறவர்) இவரிடம்: "நானா, உங்க நோன்பு எங்களுக்கும் நோன்பாயிருச்சுங்க. ஒரு வாய் டீ கிடையாது."

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கீழ்த்தோட்டத்தாரிடம் நம் சந்திக் கிளப் மூன்று பந்து வாங்கிவிட்டது. கோலில் நின்றது என் மகன் காசிம்.

சிமன் பாஸ் (தச்சு வேலை, சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்): "மூணும் என் ஆட்டுக்குட்டி பிடிக்கும்!"

கங்காணி: "அதுக்குக் கொம்பு முளைக்கட்டும் பாஸ், அப்புறம் கோல்ல நிறுத்துவோம்."

"சிரிக்காதீங்க. போன மாசம் பூனை மாதிரி பாய்ஞ்ச பையன். இப்ப தூண் மாதிரி நிக்கிறான். ஏன்?"

பலகை இடுக்கில் பார்த்தேன். சிமன் பாஸ் மலைப்பக்கம் கை காட்டினார். மேல்தோட்டம்.

அந்தத் தோட்டத்துத் துரைக்குப் பந்துப் பைத்தியம். நம் கிளப்பில் இடது பக்கம் ஓடினவனுக்குப் போன வருஷம் தன் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கிற வேலை கொடுத்து இழுத்துக்கொண்டார். கங்காணி சொல்வது சரி: "எங்க காலத்துல கங்காணிமாரு கூலியாளை இழுத்தாங்க. இப்ப துரைமாரு பந்தாளை இழுக்குறாங்க." வருகிற ஞாயிறு வெள்ளிக் கிண்ணத்துக்கு ஆட்டம், அதே மேல்தோட்டத்தோடு. காசிமும் அங்கே போகப் போகிறான், அதனால்தான் பந்தை விடுகிறான் என்று பேச்சு.

காரணம் எனக்குத் தெரியும். பிள்ளை நோன்போடு விளையாடுகிறான். ஆடுகிற நாளில் நோன்பை விடுவான் என்று அவர்கள் நினைப்பு. சொல்லலாமே என்றேன். "வேணாம் உம்மா. நோன்பால தோத்தோம்னு நம்ம மார்க்கத்துக்குப் பேர் வரக் கூடாது" என்கிறான்.

யா அல்லாஹ், ஞாயிறு வரைக்கும் வாய்களைக் கட்டு.

பிறை 12. புதன்.

சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு இவர் கடை திறக்கப் போய், உடனே திரும்பி வந்து ஒரு துணி கேட்டார். எதற்கு என்றேன். வாங்கிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போனேன். கடைப் பலகையில் கரியால் ஒரு கோல் கம்பம், உள்ளே ஆள் இல்லை. பக்கத்தில் வட்டமாக ஒரு ரூபாய்.

தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஈரம் காய்ந்ததும் மறுபடி தெரிந்தது.

விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்ட பாத்திரம் ஒன்று கை தவறி உடைந்தது. நம்மவர் கடைகளை அடித்த அந்தக் கலவர வருஷம் என் வாப்பாவின் கடையிலும் முதலில் பலகையில் ஏதோ எழுதினார்கள். கழுவினோம். பிறகுதான் நெருப்பு. காசிம் அப்போது கைப்பிள்ளை, அழாமல் இருக்க வாயில் சேலைத் தலைப்பை வைத்து ரப்பர் மரங்களுக்குள்ளே கிடந்தேன். இவர் சொல்கிறார், "இது பந்து வெளயாட்டு, அது வேற." இருக்கலாம்.

நூல், ஊசி வாங்க வேண்டும். கருவாடு காய வைத்தது நனைந்துவிட்டது.

பிறை 13. வியாழன்.

என் வாயால் ஒன்று செய்துவிட்டேன். உள்ளதை எழுதுகிறேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பெஞ்சு நிறைய ஆள், நின்றவர்களும் உண்டு. முதலில் கேப்டனைப் பற்றி. கேப்டன் பியதாச, அவிசாவளை பஸ் ஓட்டுகிறவர். "பஸ்ஸை ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஆளை ஓட்டத் தெரியல்ல" என்று ஒருவன். கங்காணி: "உன்னைய கேப்டன் ஆக்குனா நீ முதல்ல உன் மச்சானைத்தானே கோல்ல வைப்ப?" சிரிப்பு. அதோடு நின்றிருக்கலாம்.

சிமன் பாஸ் நேரே இவரிடம்: "நானா, எவ்வளவுக்கு வித்தீங்க?"

இவர் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உங்ககிட்டத்தான் கேக்கிறேன். பையனை மேல்தோட்டத்துக்கு எவ்வளவுக்கு?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "இந்தக் கடையில உப்புக்கூட வாங்காம விட்டா தன்னால வாய் திறப்பாரு."

தட்டிக்குப் பின்னாலிருந்தே கத்தினேன்: "வல்லாஹி! அல்லாஹ் மேல ஆணை! என்ட மகன் மேல்தோட்டத்துக்குப் போகமாட்டான்! தண்ணி பல்லில படாம வெளயாடுறான், அதுதான் பாய முடியல்ல. வேற ஒண்ணும் இல்ல!"

கங்காணிதான் எழுந்தார். "நாச்சியா சத்தியம் பண்ணிட்டாங்க. இனி பேச்சில்ல. வாங்கப்பா."

இத்தனை அந்நிய ஆண்கள் என் குரல் கேட்டது இதுவே முதல் தரம். இவர் ஏசவில்லை. கொத்தமல்லி எங்கே என்று மட்டும் கேட்டார்.

பிறை 14. வெள்ளி.

விடியற்காலை சிறு தூறல், பிறகு வெயில்.

மனசு லேசாக எழுந்தேன். கங்காணி ஒரு தம்பிலி இளநீர்க் குலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், "கோல்கீப்பருக்கு சஹருக்கு" என்று. பெஞ்சில் ஒரே ஆராய்ச்சி. பயணத்தில் நோன்பை விட்டு அப்புறம் பிடிக்கலாம் என்று யாரோ கேள்விப்பட்டிருக்கிறார்.

"அப்ப ஆட்டத்தை ரத்னபுரியில வச்சிருக்கணும்."

"ரத்னபுரி போதாதாம், இன்னும் தூரம் வேணுமாம்."

"கோல் கம்பத்தைக் கழட்டி ரயில்ல ஏத்துங்க, யாழ்ப்பாணம் போவோம்."

தனியே சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத் தண்டனைதானோ என்னவோ, பிறகு நடந்தது.

ஜும்மாத் தொழுகைக்குப் போய் வந்த காசிம் பின்வாசலில் உட்கார்ந்தான். நான் அவன் ஆட்டச் சட்டையின் முழங்கைக் கிழிசலைத் தைத்துக்கொண்டு, நேற்று நடந்ததைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

முகம் செத்துப்போய்விட்டது. "ஏன் உம்மா சத்தியம் பண்ணினீங்க?"

அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது.

நோன்புக்கு முன்னமே மேல்தோட்டத் துரையிடம் சரி சொல்லிவிட்டான். ஸ்டோரில் கணக்கு எழுதும் வேலை, இருக்க ஒரு அறை. அடுத்த மாதம் முதல். பெருநாள் கழித்துச் சொல்ல இருந்தானாம்.

"பந்தை விடச் சொன்னாங்களா?"

"இல்ல உம்மா. ஒரு வார்த்தை கேக்கல்ல. இந்த ஆட்டம் இங்கதான். ஒரு பந்தையும் சும்மா விடமாட்டேன்." பிறகு மெதுவாக, "வாப்பாட கடை அடுத்த நோன்புக்கு இருக்குமா, நீங்களே சொல்லுங்க."

கணக்கு எழுதுகிறவள் நான். இருக்காது என்று தெரியும்.

அவனை நம்புகிறேன். வேறு யார் நம்புவார்கள்? ஒரு பந்து உள்ளே போனால் போதும். என் நாக்கில் அல்லாஹ்வின் பேர், அதன் மேல் பொய். தொழுகையில் ஓதினது மறந்து மறந்து போகிறது.

பிறை 15. சனி.

வெயில். தலையணைகளை வெளியே போட்டேன். இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். பாவம்.

மத்தியானம் பஸ் நின்றது. பியதாச வழக்கம்போல எஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கப் பின்கிணற்றுக்கு வந்தார். காசிம் கூப்பிடுகிறபடி என்னை உம்மா என்றுதான் கூப்பிடுவார். முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவடியில் நின்று எல்லாம் சொன்னேன். நாளைக்கு அவனை நிறுத்த வேண்டாம், வயிற்று வலி என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும் உம்மா. மேல்தோட்டத்துக் கிளாக்கர் போன கிழமை பஸ்ஸில சொன்னான்."

"தெரிஞ்சுமா?"

"அவனை விட்டா யாரு இருக்கா? சிமன் பாஸா?" சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு அவனை எடுத்தா, உங்க சத்தியம் பொய்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. ஆட்டம் முடியட்டும்."

"தோத்தா?"

"தோத்தா கேப்டனைத்தான் ஏசுவாங்க. அதுக்குத்தானே கேப்டன்."

பஸ் போய்விட்டது. இப்போது அவருக்கும் சேர்த்துப் பயம்.

பிறை 16. ஞாயிறு.

சஹருக்குக் காசிம் நன்றாகச் சாப்பிட்டான், தம்பிலி குடித்தான். இன்றைக்கு மட்டும் நோன்பை விடேன் என்று சொல்ல வாய் வந்தது. உடனே தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டேன்.

நாலு மணிக்கு ரோட்டில் சனம், தப்பு அடித்துக்கொண்டு. இவர் ஆட்டத்துக்குப் போகவில்லை. கடைப் பலகையில் பாதியைப் பூட்டினார். ஏன் பாதி என்று நான் கேட்கவில்லை.

அஸர் தொழுது பாயிலேயே இருந்தேன். ஒரு பெரிய சத்தம். நெடு நேரம் கழித்து இன்னொன்று. அந்தி மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது, அது சந்தோஷச் சத்தம் இல்லை.

நோன்பு திறந்தோம். காசிமுக்குக் கஞ்சியை மூடி வைத்தேன்.

காசிம் தனியாக வந்தான், உதடு கிழிந்து. இரண்டுக்கு ஒன்று, தோல்வி. நம் பக்கம் கிடைத்த பெனாட்டி (எப்படி எழுதுவது தெரியவில்லை) உள்ளே போனதாம். கடைசியில் வந்த பந்து அவன் நெஞ்சில் பட்டு நழுவி உருண்டுவிட்டது. கால் நடுங்கியதாம். அது கூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் மேல்தோட்டத்துக் கிளாக்கர் எல்லாரும் பார்க்க வந்து அவன் கையைக் குலுக்கி, "முதலாம் தேதி ஸ்டோருக்கு வந்துரு" என்று சொல்லியிருக்கிறார்.

வாயைக் கழுவிவிட்டு நிமிரவில்லை, ரோட்டில் ஆட்கள். பந்தம் இரண்டு, வெளிச்சத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் நெருப்பு நெருப்புத்தானே. காசிமை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினேன்.

அவர்கள் நடுவில் பியதாச.

சிமன் பாஸ்: "ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் போறது உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சு நிறுத்தினவன் கேப்டன் இல்ல. தெரியாம நிறுத்தினவனும் கேப்டன் இல்ல."

வேறொருவன்: "அந்தப் பொம்பளை பொய்ச் சத்தியம் பண்ணிச்சே, அதைச் சொல்லு!"

பியதாச: "அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பையன் யாருக்கும் சொல்லல்ல."

"அப்ப அவனை வெளிய கூப்பிடு!"

எல்லாரும் அதையே கத்தினார்கள். இவர் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். அவ்வளவு மெலிந்த மனுசர்.

எப்படிப் போனேன் தெரியாது. இவர் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்துவிட்டேன். முக்காடு இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சொன்னேன்: "பியதாசவுக்குத் தெரியும். நேத்து நான்தான் சொன்னேன். வியாழக்கிழமை சத்தியம் பண்ணும்போது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் மகன் சொன்னான். பந்தை அவன் விக்கல்ல. நோன்போட நின்டான், கால் நடுங்கிச்சு. யாரையாச்சும் கூப்பிடணும்னா, இந்தா நான் வந்துட்டேன்."

பந்தத்திலிருந்து எண்ணெய் சொட்டும் சத்தம் கேட்டது.

கங்காணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "நாச்சியா உள்ள போங்க. பனி எறங்குது." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "என்னடா பார்த்துக்கிட்டு? நடங்க."

போனார்கள். பியதாச என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காகச் சொன்ன பொய்யை நானே எல்லார் முன்னாலும் உடைத்துவிட்டேன்.

பிறை 17. திங்கள்.

வானம் மூட்டம். பெஞ்சில் யாரும் இல்லை.

கங்காணி வந்து உப்பு வாங்கினார். நேற்று ரோட்டிலேயே பேசி பியதாசவைக் கேப்டன் இல்லை என்று ஆக்கிவிட்டார்களாம். யார் புதுசு? "சிமன் பாஸ்தாங்க." கோலில் யார்? "அதுக்குத்தான் ஆளைத் தேடுறாங்க நாச்சியா."

காசிம் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றான். "உம்மா, நான் போகல்ல. துரைக்கு மாட்டேன்னு சொல்லிர்றேன். அப்ப உங்கட சத்தியமும் சரியாயிரும், பியதாச நானாவும் திரும்பக் கேப்டன்."

ஆசையாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப ஆசையாக இருந்தது. அடுப்பை ஊதிக்கொண்டே கடைக் கணக்கை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டினேன்.

பள்ளிவாசல் லெப்பையிடம் இவர் கேட்டு வந்திருக்கிறார். சத்தியம் உடைந்தால் பத்து ஏழைகளுக்கு அரிசி. இங்கே நம்மவர் பத்துப் பேருக்கு எங்கே போக? அவிசாவளைப் பள்ளிவாசலுக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்புவது என்றால் பியதாசவின் பஸ்.

"போ" என்றேன். "சத்தியத்தை நான் பார்த்துக்குறேன்."

பத்துப் பொட்டலம் கட்டிவிட்டு இதை எழுதுகிறேன். முன்வாசலில் குரல். சிமன் பாஸ். இவர் பள்ளிக்குப் போயிருக்கிறார், காசிமும் இல்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டுவிட்டார். நானா என்று இல்லை, நாச்சியா என்று.

போய்ப் பார்க்கிறேன்.