சந்தியில் கட்டிய பேனர்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. அடுப்படி மூலையில் ஒழுகல், கீழே பானை.

இன்றைய வேலைகள்: கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம். பெறுபேற்றுத் தாள் போட்டோகொப்பி. கணித சேருக்கு போன். விறகு.

நடந்தது விறகு மட்டும்.

சந்தியில் பேனர் கட்டிவிட்டார்கள். நோர்வூட் பஸ் நிற்கும் இடத்தில், ஒருவர் கண்ணுக்கும் தப்பாத மாதிரி. அடையாள அட்டைக்கு எடுத்த என் படம். இரண்டு காதும் விரிந்து, முகம் கதவளவுக்கு. "பொறியியல் பீடத்திற்குத் தெரிவாகி எமது தோட்டத்திற்குப் பெருமை சேர்த்த செல்வி யோகராணியை வாழ்த்துகிறோம்." கீழே எங்கள் தோட்டத் தலைவர் மாமாவின் படம், என்னுடையதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் சின்னது.

தெரிவாகியாம். யார் தெரிவு செய்தார்கள்? விண்ணப்பமே இன்னும் போடவில்லை. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

என் யோக்கியதை: இணைந்த கணிதம் சி, பௌதிகவியல் சி, இரசாயனவியல் எஸ், பாஸிலேயே அடிமட்டம். அதுவும் இரண்டாம் தடவை எழுதி. மூன்றிலும் பாஸ் என்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான். பெறுபேறு வந்த அன்று அதைத்தான் அப்பாவிடம் சொன்னேன். ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெஷினை விட்டு, தலையெல்லாம் தூளாக ஓடி வந்திருந்தார். "கெம்பஸுக்கு அப்ளிகேஷன் போடலாம்ப்பா" என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்கு அழுகிறோம் என்று அப்போது புரியவில்லை.

தோட்டத்தில் ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதிந்தால் மறுநாள் காலை பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் நின்று வேலைக்குப் போகலாம். அப்பா அப்படித்தான் போனார், அம்மாவும் அப்படித்தான். பெயரை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் காக்க வைத்து, பிறகு "உனக்கு இல்லை" என்று சொல்கிற இடமும் இருக்கிறது என்று யார் அவருக்குச் சொன்னது? அன்று சாயந்தரமே கோயில் ஸ்பீக்கரில் செய்தி போட்டுவிட்டார்கள். நான் விளக்கம் சொல்லப் போனபோது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் காது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் பாராட்டு விழாவாம். பொன்னாடையாம். மண் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் வெயில் எட்டிப் பார்த்தது, ஏமாற்றத்தான். கிராம சேவகரின் கடிதம் கிடைத்தது.

கொட்டகலைக்கு, சேர் வீட்டுக்கு. பஸ்ஸில் கொண்டக்டர், "என்ஜினியர் மேடம், முன்னுக்கு வாங்க, முன்னுக்கு வாங்க." முன் சீட்டிலிருந்த அக்கா எழுந்து இடம் கொடுத்தார். கைக்குழந்தையோடு. நான் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை, அந்தச் சீட்டு, பஸ் மாறுகிற ஹட்டன் வரை சும்மாவே வந்தது.

கணிதம் சொல்லிக்கொடுத்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அலங்காரமாகப் பேசமாட்டார். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டி, போன வருஷம் நுவரெலியா மாவட்டத்தில் கடைசி ஆளுக்கு இடம் கிடைத்த வெட்டுப்புள்ளியையும் பரீட்சையில் நான் எடுத்த இசட் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.

"பிள்ளை, என்ஜினியரிங்குக்குக் கொஞ்சம் குறையுது. இந்த முறை வெட்டுப்புள்ளி இறங்கினா கிடைக்கும். இறங்காட்டி இல்லை."

"இறங்குமா சேர்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இஞ்ச இருக்கிறன்?"

பிறகு அவரே பாவப்பட்டு, "அப்ளிகேஷன்ல என்ஜினியரிங்கை மேல போடு. கீழ நில அளவை, பௌதிக விஞ்ஞானம் எல்லாத்தையும் போடு. மேல போட்டதால கீழ இருக்கிறது பறிபோகாது" என்றார்.

ஆனால் சிக்கல் இருக்கிற இடம் வேறு. கீழே உள்ளதில் ஒன்று கிடைத்து, போய்ப் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் என்ஜினியரிங் கேட்க முடியாது. என்ஜினியரிங் மட்டும் எழுதி, அது கிடைக்காவிட்டால் கையில் ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை பரீட்சை எழுதலாம். அதுதான் கடைசித் தடவை.

"உன்ர வீட்டில இன்னொரு வருஷம் பொறுப்பினமோ?" என்று கேட்டார். தட்டிலிருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது சந்திக்கு முன்னாலேயே இறங்கி, தேயிலை மலைக்குள்ளால் நடந்து வந்தேன். காலில் அட்டை. பரவாயில்லை, என் மூஞ்சியை நானே பார்ப்பதைவிட அட்டைக் கடி மேல்.

ஜூன் 4, புதன்

மழை. மழை. மழை.

கூடப் படித்த சுபாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பேனரை யாரோ பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். "அடியே, ஒனக்கு எப்பிடிடீ அதுக்குள்ள கெடச்சுச்சு? இன்னும் அப்ளிகேஷனே முடியலயே?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். மூன்று தரம் கேட்டேன். போனைத் தலையணைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பாவிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாக, படம் போட்டு. மேலே எழுதுவது, கீழே எழுதுவது, வெட்டுப்புள்ளி. கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு:

"கீழ எதுக்கு எழுதுற? எழுதுனா அதத்தான் குடுப்பாங்க."

"அப்பிடியில்லப்பா..."

"அப்பிடித்தான் பாப்பா. நம்ம வீடு கேட்டு எழுதுனோம்ல? வீடு இல்லாட்டித் தகரமாவது குடுங்கன்னு கடைசியில ஒரு வரி சேத்து எழுதுனேன். தகரந்தான் வந்துச்சு. வீட்டுக் கத அதோட முடிஞ்சுபோச்சு. அந்த ஒரு வரிய எழுதாம இருந்திருக்கணும்."

அந்தத் தகரம்தான் இப்போது அடுப்படியில் ஒழுகுகிறது. அவர் சொன்னது பிழையே இல்லை, வேறு இடத்துக் கணக்கு, அவ்வளவுதான்.

வெட்டுப்புள்ளி எட்டாமலும் போகலாம் என்று சொன்னதுதான் அவர் காதில் ஏறவேயில்லை. "பேனரே கட்டியாச்சு" என்றார். பேனரைப் பார்த்துவிட்டு இடம் கொடுப்பார்கள் என்ற மாதிரி.

எனக்கு உண்மையில் என்ன வேண்டும்? இதை இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன்.

என்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறேன். இதுவரை நேரில் பார்த்த என்ஜினியர் ஒரே ஒருவர். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தபோது வந்தார். குடைக்குள் நின்று பார்த்தார், சுவரில் சிவப்பாகக் குறி போடச் சொன்னார், போய்விட்டார். அவரோடு வந்த இன்னொருவர் மூன்று கால் கருவியை வைத்துக்கொண்டு சாயந்தரம் வரை மழையில் நின்றார். கோடு போட்ட நீளக் கம்பை என்னிடம் கொடுத்து நேராகப் பிடிக்கச் சொன்னார். "ஹொந்தய் நங்கி, ஹொந்தய்" என்று சிங்களத்தில் பாராட்டினார். அவர் நில அளவையாளர். இரண்டு பேரில் யாரைப் போல ஆக ஆசைப்பட்டேன் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

சும்மா மனதைத் தேற்றிக்கொள்கிறேனோ? எட்டாததைப் புளிப்பு என்கிறேனோ? எனக்கு என்ஜினியரிங்தான் வேண்டும். வேண்டும். வேண்டும். எஸ் எடுத்த கழுதைக்கு அதைக் கேட்க வாய் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

அம்மா மலையிலிருந்து தொப்பலாக வந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் பிழிந்தால் ஒரு வாளித் தண்ணீர். இரண்டு நாளாக எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர், இன்று அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்:

"மேல கீழ எல்லாம் எனக்கு வெளங்கல பாப்பா. அடுத்த வருசம் இந்த நேரம் நீ இந்த வாசல் இஸ்தோப்புல ஒக்காந்திருக்கக் கூடாது. எங்கயாச்சும் போயிரு."

சொல்லிவிட்டு ரொட்டிக்கு மா பிசையப் போய்விட்டார்.

எங்கயாச்சும். அம்மாவா இது? எனக்குக் காய்ச்சல் என்றால் ராஜினாமா செய்கிற மாதிரி மலைக்குப் போகமாட்டேன் என்று நிற்கிறவர். நான் போய்த் தொலைந்தால் நிம்மதி என்கிறாரா, இல்லை வேறு ஏதாவதா? கேட்கவில்லை. கேட்டால் இருவரும் அழவேண்டி வரும், அடுப்பு வேறு எரியவில்லை.

சாப்பாடு: ரொட்டி, கட்டச் சம்பல். ஒரு ரொட்டிக்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கடைசி நாள். ஹட்டன். அப்பா லீவு போட்டு, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடுகிற கொமினிகேஷன் கடையில் கூட்டம். எல்லோரும் என் மாதிரிக் கடைசி நாள் ஜாதி. அப்பா கொஞ்ச நேரம் என் தோளுக்குப் பின்னால் நின்றார். திரை முழுக்க ஆங்கிலம். "நீ பாத்து செய்யி, நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று எதிர்க்கடைக்குப் போனார். அங்கிருந்தும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே என்ஜினியரிங், எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டோ அத்தனையும். அதோடு கை நின்றுவிட்டது.

கடை அக்கா எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா தங்கச்சி? கீழ நெறைய எடம் இருக்கே" என்றார்.

எதிர்க்கடையில் அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். முடிந்ததா என்று.

நில அளவை என்று போட்டேன். பௌதிக விஞ்ஞானம் என்று போட்டேன். ஒரு தரம் அழிந்து, மறுபடி போட்டேன். அனுப்பினேன்.

அப்பா வந்து, "மேல இருக்கா?" என்றார். "இருக்கு." "போதும்" என்று சாப்பிட ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். கீழே என்ன என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விழா முடிந்தது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

மூடியிருந்தது, ஆனால் மழை இல்லை. பெரட்டுக் களத்தில் கதிரைகள், ஸ்பீக்கர். அம்மா முன் வரிசை, நீலச் சேலை. அப்பா அவர் பக்கத்தில். தலைவர் மாமா பேசினார், பேசினார், பேசினார். "இனிமே நம்ம தோட்டத்துக்கு வெளியில இருந்து என்ஜினியர் வரத் தேவையில்ல!" பொன்னாடை. பிறகு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

நன்றி சொல்லி இறங்குவதாகத்தான் இருந்தேன். சின்னப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். என்னால் முடியவில்லை.

"எனக்கு இன்னும் எடம் கெடைக்கல" என்றேன். "முந்தா நாள்தான் அப்ளிகேஷன் போட்டேன். என் மாக்ஸ் கொறைவு. என்ஜினியரிங் கெடைக்காமயும் போகலாம். கெடைக்கலன்னா வேற பாடத்துக்குப் போவேன், அதையும் கீழ எழுதியிருக்கேன்."

பிறகு கைதட்டல். களமே அதிர்கிற மாதிரி.

"போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன!" என்று பின்னாலிருந்து யாரோ. தலைவர் மாமா மைக்கைப் பிடுங்கி, "பாருங்க, நம்ம புள்ளைக்கு எவ்வளவு அடக்கம்!" மறுபடி கைதட்டல். உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. மேடையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

ஒருவர் மட்டும் தட்டவில்லை. அப்பா. இரண்டு கையும் மடியில். என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, அம்மாவை முன்னால் போகவிட்டு அப்பா, "கீழ எழுதிட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன்ப்பா."

"அப்ப... இன்னும் எடம் கெடைக்கலயா?"

"இன்னும் இல்லப்பா."

அவர் சாப்பிடவில்லை. ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் அவருக்கு வேலை இல்லை.

அவர் திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். அதைத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

காற்றும் மழையும். கரண்ட் இல்லை. அடுப்படி ஒழுகல் பானைக்கு அடங்காமல் விறகு வரை வந்துவிட்டது. அம்மா மலைக்குப் போகவில்லை. இருவரும் விறகைத் தூக்கித் தூக்கி மாற்றினோம்.

அப்பா பகல் சாப்பாட்டு நேரத்துக்கு நனைந்து வந்தார். கக்கத்தில் பெரிய சுருள். ஏணியைச் சாத்தினார், கூரையில் ஏறினார். தகரத்தில் அவர் நடக்கிற சத்தம், கல் வைக்கிற சத்தம். சொட்டுக் குறைந்தது, பிறகு நின்றது.

அண்ணாந்து பார்த்தேன். தகர ஓட்டைக்குள்ளால் என் கண் ஒன்று கீழே பார்த்தது. சந்தியில் இருந்த பேனரைத்தான் படம் உள்பக்கமாகத் திருப்பி விரித்திருக்கிறார், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் வெள்ளை.

இறங்கி வந்ததும் அம்மா, "தலைவர் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார்.

"காத்துல கிழிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன்."

எங்கும் கிழிசல் இல்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே, என்னிடம் சொல்லாமல் அடுப்பிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"கயிற அறுக்கல. அவுத்துத்தான் கொண்டாந்தேன். கெடச்சா மறுபடி கட்டிக்கலாம். அந்த அளக்குற படிப்பு கெடச்சாலும் கட்டலாம், மேல ஒரு வார்த்தைய மட்டும் மாத்தணும்."

கயிறு நான்கும் சட்டைப் பையில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, அடுப்புக்கு மேலே காயப்போட்டார்.