பதினெட்டுக் கட்டத்தில் உன் கடிதம்

வெள்ளவத்தை,
2007 கார்த்திகை 11, ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் பிள்ளையார் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சுகத்தையும் மருமகனின் சுகத்தையும் கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம், இந்த முறை அந்த இடத்தில் என் விரல் கொஞ்சம் நின்றுவிட்டது, ஆனாலும் கேட்கிறேன், சுகமாக இருக்கிறாயா பிள்ளை? பத்தொன்பது வருடமாக உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியவை, நீ போட்ட கடிதமெல்லாம் அம்மா வாசிக்க நான் கேட்டவை. என் கையாலேயே உனக்கு நான் எழுதும் முதற் கடிதம் இதுதான். நீ அனுப்பிய புள்ளி மிசினில் ஆறு விசையையும் அமத்தி அமத்தி எழுதுகிறேன், விரல் உளைகிறது, ஆனால் நிறுத்த மனமில்லை. சுற்றி வளைக்காமல் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். மிசினுக்குள் நீ எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அப்பாவின் கண் போன வழியிலேயே உன் கண்ணும் போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இன்னும் ஐந்தாறு வருடம்தான், அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. அதை நீ நம்ப வேண்டும். மிச்சத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

பார்சல் போன மாதக் கடைசியில் வந்தது. அம்மாதான் பிரித்தாள், எழுத்தில்லாத டைப்ரைட்டர் மாதிரி ஏதோ வந்திருக்கிறது என்றாள். இது பிரெயில் வாசிக்கிற மிசின், இதன் முன்பக்கத்தில் புள்ளிகள் தாமாகவே எழும்பித் தாழும் என்று நான் தடவிப் பார்த்துச் சொல்லி முடிப்பதற்குள், வீட்டுக்குப் புது வாகனம் வந்தது போலச் சந்தனம் குழைத்து நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். சந்தனம் புள்ளி எழும்பும் துளைக்குள் இறங்கிக் காய்ந்து போயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு! நன்றாக ஏசினேன். பஞ்சும் தீக்குச்சியுமாக அரை மணித்தியாலம் குடைந்து பார்த்தாள், சரிவரவில்லை. ஏழாவது கட்டத்தில் கீழ்ப் புள்ளி ஒன்று இன்றைக்கும் எழும்பாது, அந்த இடம் வந்தால் நானே மனதால் நிரப்பிக்கொள்கிறேன். நீ உனக்கு ஒன்று வாங்கும்போது பொட்டு மட்டும் வைத்துவிடாதே.

மிசின் எப்படி இருக்கிறது, ஒளிக்காமல் எழுதுங்கோ, எனக்கும் ஒன்று எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒளிக்காமலே எழுதுகிறேன். முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. கடதாசி என்றால் பக்கம் முழுவதும் கைக்குக் கீழே விரிந்து கிடக்கும், வலக்கை இந்த வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கும். இதில் பதினெட்டுக் கட்டம், ஒரே ஒரு வரி. முடிந்தவுடன் பெருவிரலால் அமத்த வேண்டும், கிர் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு பழைய புள்ளிகள் தாழ்ந்து புதியவை எழும்பும். இடக்கைக்கு வேலை இல்லை, அது பாவம் மேசையில் சும்மா கிடக்கும். கடிதம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்றும் கைக்குத் தெரியாது, கடதாசிக் கட்டென்றால் மிச்சத்தின் தடிப்பிலேயே தெரிந்துவிடும். இங்கே கடற்காற்றுக்கு விரல் பிசுபிசுத்து வழுக்குகிறது, பக்கத்தில் ஒரு காய்ந்த துணி வைத்துக்கொள். வெங்காயம் உரித்த கையோடு தொடாதே. விடியற்காலையில் புள்ளிகள் குளிர்ந்து போயிருக்கும், உங்கள் நோர்வேயில் இன்னும் மோசமாக இருக்கும், உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் அதன் மேல் வைத்திருந்துவிட்டுத் தொடங்கு. கரண்ட் போனாலும் பன்னிரண்டு மணித்தியாலம் தாக்குப் பிடிக்கிறது, அது பெரிய காரியம். இன்னொன்று, இதை உனக்கு வேறு யாரும் சொல்லமாட்டார்கள். கடதாசியில் திரும்பத் திரும்ப வாசித்த இடம் தேய்ந்து போகும். என் புத்தகம் ஒன்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் மழுங்கி வாசிக்கவே முடியாமல் கிடக்கிறது, அவ்வளவு விருப்பம். மிசினில் தேய்வே இல்லை. “கண் மங்குது அப்பா” என்று நீ எழுதிய வரியை எண்பது தரமாவது தடவியிருப்பேன். கடதாசியாக இருந்தால் இதற்குள் அழிந்திருக்கும். இது ஒவ்வொரு முறையும் அப்போதுதான் எழுதியது போலக் கூராக எழும்புகிறது. இதைக் குறை என்று எழுதுவதா நிறை என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்கனியில் சாய்மனைக் கதிரையில், மிசினை மடியில் வைத்தபடி அரைத் தூக்கத்தில் கிடப்பேன். கீழே ரெயில் போகும், அதற்கங்கால் கடல். விரல் புள்ளியில் இருக்கும், மனம் எங்கேயோ இருக்கும். நித்திரைக்குள் இறங்கிய பிறகும் விரல் தன்பாட்டில் வாசித்துக்கொண்டே போகிறது, எது நீ எழுதியது, எது கனவு எழுதியது என்று பிரிக்க முடிவதில்லை. போன வியாழக்கிழமை அப்படித்தான், ஈர மணலில் நிற்கிறேன், மழை தூறுகிறது, துளி விழுந்த இடமெல்லாம் புள்ளி எழும்புகிறது, குனிந்து தடவினால் உன் பெயர். நிமிர்ந்து பார்க்கிறேன், கனவில் எனக்கு இன்னும் பார்வை உண்டு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மஞ்சள் சட்டையோடு நீ நிற்கிறாய், ஆறு வயது. எனக்குக் கண் முழுதாகப் போனபோது உனக்கு ஆறு வயது, அதற்கு மேல் உன்னை நான் வளரவிடவில்லை. முப்பத்து மூன்று வருடமாகிவிட்டது, அந்த மஞ்சள் கொஞ்சமும் வெளிறவில்லை. ஆறுதலுக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. பார்த்த நிறம் எங்கேயும் போகாது, உள்ளே வந்து குடியிருக்கும். அதனால் பார்க்க வேண்டியதை இப்போதே ஆறுதலாக இருந்து பார்த்து வை, மருமகன் சிரிக்கும்போது முகம் எப்படி இருக்கிறது, உங்கள் மலை, அந்தப் பனி. கண்ணாடியில் உன் முகத்தையும் பார். நான் என் முகத்தை மறந்து போனேன், அதையும் பார்த்து வைக்க வேண்டும் என்று எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. இந்தக் கண் வருத்தத்தை உனக்குத் தந்தது நான்தான். மன்னித்துக்கொள் என்று எழுதி அழித்தேன், திரும்பவும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள் பிள்ளை.

என் ஒருவனின் விரலை நம்பி நீ இதை வாங்கக் கூடாது என்று நேற்று மிசினைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புளோறன்ஸை நினைவிருக்கும், என்னோடு இருபது வருடம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவள், அவளுக்கும் கண் தெரியாது. இங்கே நிலைமை நீ செய்தியில் கேட்பதுதான், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் என் பைக்குள் கையை விட்டான், குரலைப் பார்த்தால் இருபது வயதுதான் இருக்கும். “மேக்க மொக்கத?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். “அந்த மினிஸ்சுங்கே பொத்தக் மாத்தயா” என்றேன், கண் தெரியாத ஆட்களின் புத்தகம் ஐயா என்று. போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன், கிர் என்று புள்ளிகள் எழும்ப, சப்பாத்துக் கால் இரண்டடி பின்னால் போனது. பக்கத்தில் நின்றவர்களும் விலகினார்கள்.  பயமென்றால் நீங்களே விரலை வைத்துப் பாருங்கள் என்றேன். துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றும் சத்தம் கேட்டது, பிறகு அவனுடைய விரல் என் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.  இதில் என்ன எழுதியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டான். இந்த மிசினுக்கு ஒரு பழக்கம், மூடிய இடத்திலேயே திறக்கும். அவன் விரலுக்குக் கீழே நின்றது நீ எழுதிய அந்த வரி. அம்மா என் முழங்கையைப் பிடித்தபடி நிற்கிறாள், அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக விளங்கும். “எஹே ஹிம வெட்டெனவலு” என்றேன், அங்கே பனி கொட்டுகிறதாம், மகள் எழுதியிருக்கிறாள் என்று. “ஹரி லஸ்ஸனாய்” என்றான், நல்ல வடிவாம். பையைத் தானே மூடி அம்மாவின் கையில் தந்தான்.

புளோறன்ஸுக்கு வேறு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “மிசின் அருமையான மிசின் மிஸ்டர் நாதன், ஆனா என்ட சீனி வருத்தம் விரல் நுனிக்கும் வந்துட்டு, பாதிப் புள்ளி தெரியுதில்ல” என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள். ஆகவே பிள்ளை, இனி உனக்குக் கண்ணைவிட விரல் பெரிது. தேத்தண்ணிக்குச் சீனியைக் குறை, வருடத்துக்கு ஒரு தரம் இரத்தம் சோதித்துப் பார், கையுறை போடாமல் குளிருக்குள் இறங்காதே.

இனி அந்த மிச்சம். நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்து, தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு அம்மா எதிரில் இருந்தாள். “இஞ்சருங்கோ, ஆமிக்காரனுக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?” என்று கேட்டாள். என்ன பொய் என்றேன். “பத்து நாளாப் பாக்கிறன், எனக்கு வாசிச்சுக் காட்டேக்க விரல் ஒரே இடத்தில நிக்குது, வாய் மட்டும் ஓடுது. பத்தொன்பது வருசம் உங்களுக்குக் கடிதம் வாசிச்சவள் நான். ஒரு வரியைப் பாய்ஞ்சு வாசிக்கேக்க குரல் எப்பிடி வருமெண்டு எனக்குத் தெரியாதே?” என்றாள்.  “கண்ணோ?” என்று கேட்டாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தேத்தண்ணியை மேசையில் வைக்கப் போய்ச் சிந்திவிட்டேன். அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு நீ ஒரு கடிதம் போட்டிருந்தாயாம், பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது, பஸ்ஸின் படி தெரியாமல் விழுந்துவிட்டேன், மற்றவர்களுக்குத் தெரிகிறது எனக்கு ஏன் தெரியவில்லையோ என்று. “அந்த வரியை நான் உங்களுக்கு வாசிக்கேல்லை. பிள்ளை புதுக் குளிர்ச்சட்டை வாங்கினவளாம் எண்டு வாசிச்சனான். தெரிஞ்சா நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பியள் எண்டு பயந்துபோனன்” என்றாள். அந்தக் குளிர்ச்சட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்ன நிறமாம் என்று கூடக் கேட்டேன், நீலம் என்றாள். எட்டு வருடம் சுகிர்தா, எட்டு வருடம்! ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டு, இவள் தனியாகவே இதைச் சுமந்திருக்கிறாள். நீ எனக்கு எழுதினாய், நான் அவளுக்கு ஒளித்தேன், அவளோ எங்கள் இரண்டு பேருக்கும் முதலே அறிந்து ஒளித்து வைத்திருந்தாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “அவள் இனிப் பேனை பிடிக்கமாட்டாள், புள்ளியிலதான் எழுதுவாள். நீங்கள் இல்லாத காலத்தில எனக்கு ஆர் வாசிக்கிறது? எனக்கும் காட்டித் தாங்கோ” என்றாள்.

இன்று காலை குளித்து, திருநீறு பூசி, மிசினுக்கு முன்னால் வந்து இருந்துவிட்டாள். தேங்காய் துருவியும் சுடுசட்டி தூக்கியும் காய்த்துப்போன விரல், அறுபத்திரண்டு வயது, ஒன்றுமே தெரியவில்லை, மணல்தான் இருக்கிறது என்றாள். உனக்குக் கண் இருக்கிறதே, பார்த்துப் பழகன் என்றேன். மாட்டாளாம். “கண்ணை மூடிக்கொண்டுதான் பழகுவன். பிள்ளைக்கு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரிய வேணும்” என்றாள். அவளுடைய விரலைப் பிடித்து முதற் கட்டத்தில் வைத்தேன்.

நாளைக்கு இந்தக் கடிதத்தை ஷிப்லியின் கொமினிகேசன் கடையில் கொடுத்து ஈமெயிலில் அனுப்புவேன். அவனுடைய திரையில் இது எறும்பு ஊர்ந்தது போலத்தான் தெரியுமாம், வேறு யாரும் வாசித்துவிடுவார்கள் என்று பயப்படாதே. மருமகனுக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய், இன்றைக்கே சொல்லு. இந்த வீட்டில் ஒளித்து ஒளித்து நாங்கள் கண்டது போதும். படி இறங்கும்போது அவரின் கையைப் பிடித்துக்கொள், வெட்கப்படாதே. முருகன் உனக்குத் துணை நிற்பான், நீ நீடூழி வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உன் தலைக்கு மேல் இருக்கும்.

உன் குரலையும் இப்போது உன் புள்ளியையும் நம்பி இருக்கும்
அப்பா,
யோகநாதன்

பி.கு.: கீழே இருப்பது அம்மா கண்ணை மூடிக்கொண்டு தன் கையாலேயே எழுதியது. புள்ளிகள் சில விடுபட்டிருக்கின்றன, நான் திருத்தவில்லை.

பயபடாதை பிளளை நானும படிககிறன அமமா