பக்கத்து வீட்டுக்காரியின் தாடைவலி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். என் இருமல் நின்றுவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டால், "எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன்" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

இங்கே வேலை வழக்கம்போலத்தான். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, இணையத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். குழந்தைக்கு மூக்கடைப்பு, தாத்தாவுக்கு மலச்சிக்கல். இன்று காலை ஒருவர் கேட்டிருந்தார்: "எனக்கில்ல டாக்டர், பக்கத்து வீட்டுக்காரிக்கு. மாடிப்படி ஏறினா தாடையைப் பிடிச்சு இழுக்குது, உட்கார்ந்தா விட்டுடுது. பல்லைப் பிடுங்கிடலாமா? அவ பொண்ணு வெளியூர்ல இருக்கா, தெரிஞ்சா பயந்துடுவா."

பல்லாக இருக்காது, இதயமாக இருக்கலாம், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள் என்று பதில் போட்டேன். "பார்க்கலாம்" என்று மட்டும் திரும்பி வந்தது.

இங்கே பத்து டாக்டர்கள் இருக்கிறோம். ஆனால் தமிழில் வரும் கேள்வியெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இதை உன்னிடம் சொன்னதில்லை.

உன் பழைய போர்வை ஒன்றை அனுப்பி வை, அறை குளிர்கிறது. திட்டியாவது ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு.

அண்ணன் காரை எடுத்துவிட்டான். நீ இதைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடுவான். நீயாகப் படியிறங்காதே, அவன் மேலே வந்து கூட்டிப்போவான். ஆஸ்பத்திரியிலும் பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று சொல்லிவிடாதே அம்மா. அந்த வீடு போன வருஷத்திலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது.

உன் மகள்