மரக்காணத்துக்கு ஒரு புள்ளி

பிப். 10, திங்கள்

பனி. ஏழு மணி வரை உப்புக் குவியல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மழைமானி காலி.

மெயில் வந்துவிட்டது! தரவுக் காப்பகத்திலிருந்து. மழை, கடல் மட்டம், நில அதிர்வு என்று நாடு முழுக்க அளந்ததையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களே, அந்த இணையதளம். பத்தொன்பது வருஷமாக நான் எழுதிவைத்து அனுப்பிய மழை அளவைப் பரிசீலிக்கிறார்களாம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "இன்னாம்மா, லாட்டரியா?" என்றார் உப்பள மேஸ்திரி ஏழுமலை அண்ணன்.

அந்த மழைமானி யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரர் எங்கள் உப்பள ஆபீஸ் பின்னால் நட்டது. "ஒரு மாசம் பாத்துக்குங்க" என்று போனவர் இன்னும் வரவில்லை. நான் அளந்துகொண்டே இருக்கிறேன்.

சாயங்காலம் ஜெனி (என் மகள், பிளஸ் ஒன்) காப்பகத்தின் வரைபடத்தைப் போனில் காட்டினாள். மழை அளக்கும் ஊருக்கெல்லாம் ஒரு புள்ளி; எங்கள் ஊர் மேல் புள்ளியே இல்லை. போன வருஷம் பாத்தியெல்லாம் கரைந்துபோன நாளைத் தட்டினால், எங்கோ தூரத்து ஊரின் அளவு வருகிறது. சைபராம்! முழங்கால் தண்ணீரில் நின்றோமே, அது சைபரா? வந்ததே கோபம்.

வாங்க வேண்டியது: ரீஃபில், ஷாம்பு, கத்தரிக்காய்.

பிப். 11, செவ்வாய்

வெயில். தலையில் கல் விழுந்தது. காப்பக மேடம் போன்.

"வெயில் மாசங்கள்ல முக்கால்வாசி கட்டம் வெறுமையா இருக்குங்களே. அளக்கலையா?"

"மழை இல்லைங்க மேடம். சித்திரையில 'மழை இல்ல'ன்னு யாராச்சும் எழுதுவாங்களா?"

"சைபர் போட்டாதான் பார்த்தீங்கன்னு அர்த்தம். வேற சான்று ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. இல்லைன்னா எடுத்துக்க முடியாதுங்க."

ஐப்பசி, கார்த்திகையில் சைபரும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். அப்போது இங்கே மழை வருமா வராதா என்பதுதான் பேச்சே. வெயில் நாளில் எழுதத் தோன்றவில்லை. உப்பளத்துக்காரிதான் இப்படி முட்டாள்தனம் பண்ணுவாள். ஞாயிறு, பொங்கல், ஜுரம் எதற்கும் விடாமல் பார்த்திருக்கிறேன். பூசைக்குப் போகும் வழியில்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். யார் நம்புவார்கள்?

ராத்திரி நோட்டை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிப். 12, புதன்

மழைமானி: 0. (இனி எழுதுவேன், தாயே!)

காலை பத்து மணி. இரண்டாவது பாத்தியில் உப்பு வாராமல் நின்ற ஆட்களிடம் ஏழுமலை அண்ணன் கத்தல்: "மழை பேஞ்சிருந்தா சும்மா நிக்கலாம். உப்பு இருக்குதுல்ல? வாருங்கப்பா!"

அவ்வளவுதான். பளிச்!

அட்டெண்டன்ஸ் நோட்டு! எந்த நாளில் எந்தப் பாத்தியில் வாரினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறதே. மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும், நாலைந்து நாளுக்கு வார முடியாது. வாரினார்கள் என்றால் மழை இல்லை! நான் போட்ட கூச்சலில் டீக்காரர் ஓடி வந்துவிட்டார்.

"பழைய நோட்டு எல்லாம் வேணும்ணே."

"ஏம்மா, ஆளுங்க பேரெல்லாம் வெளிய போவக்கூடாது."

"பேரை மறைச்சிட்டுப் படம் எடுக்கறேன்."

அரை மணி நேரம் தாடையைத் தடவினார். பிறகு சாவியும் தந்து, பெட்டியையும் அவரே தூக்கி வந்தார். பூச்சி உருண்டை வாசனை. ஜெனி ஸ்கூல் விட்டு நேராக வந்து படம் எடுத்தாள். என் மழை நோட்டில் தூறலுக்கு 'தூ' என்று குறித்திருப்பதைப் பார்த்து, "எம்மா, மழையைத் துப்பி வச்சிருக்கியா?"

இடுப்பு ஒடிந்தது. சந்தோஷம்.

பிப். 13, வியாழன்

0. எல்லாம் அனுப்பியாயிற்று.

மேடம் மதியமே கூப்பிட்டார். "நல்ல சான்றுங்க. இந்த மாதிரி எங்களுக்கு யாரும் அனுப்பினதில்ல." காது குளிர்ந்தது. அடுத்த வார்த்தை: "ஒரு நவம்பர்ல மட்டும் நாலு நாள் காலியா இருக்கு."

மழைக்காலம். வாருவது கிடையாது. நோட்டு உதவாது. அந்த நாலு நாளும் நான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில். ஜெனி பிறந்த சமயம். என்ன மழை! போகும் வழியில் கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் ஆட்டோவுக்குள்ளேயே தண்ணீர்.

ஜெனி: "ஒரு நூறு மில்லிமீட்டர் போடும்மா. கொட்டுச்சு கொட்டுச்சுன்னு எல்லாரும் சொல்றீங்கல்ல? என் பர்த்டேம்மா!"

போட்டுவிடலாமா என்றுதான் இருந்தது. நூறுக்கு மேலேயே இருக்கும், சத்தியமாக. ஆனால் அளக்கவில்லையே. அளக்காத நாளுக்கு -999 போடச் சொல்லியிருந்தார் மேடம். போட்டேன். நாலு தடவை. ஜெனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பிப். 24, திங்கள்

பனி குறைவு. 0.

வந்துவிட்டது!!! புள்ளி! 'மரக்காணம் உப்பளம்'. ஏழுமலை அண்ணன் தடித்த விரலால் அந்தக் கரைந்த நாளைத் தட்டினார். நான் எழுதிய எண் அப்படியே. "டேய், வாங்கடா! நம்ம மழை வந்துக்குதுடா!" பாத்தியில் இருந்தவர்கள் எல்லாம் கால் கழுவாமல் ஆபீசுக்குள். தரை முழுக்கச் சேறு. கழுவிக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஜெனி தன் நவம்பருக்குப் போனாள். இந்தப் பக்கம் நீலக் கோடு, அந்தப் பக்கம் நீலக் கோடு, நடுவில் நாலு நாள் ஒன்றுமே இல்லை. மறுபடி மூஞ்சி தொங்கும் என்று பார்த்தேன். முதலிலிருந்து கடைசி வரை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வேறு எங்கும் இடைவெளி இல்லை.

"பத்தொம்பது வருஷத்துல நீ அளக்காதது இந்த நாலு நாள்தானாம்மா?"

"ஆமா."

"என்னாலயா?"

"வேற யாரால?"

ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். மேலே '-999' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கிரீடம்.